கார்புரேட்டருக்குச் சூடான காற்று தேவையா? சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்கு

சிறிய விமானத்தைச் சொந்தமாகக் கட்டுபவர்கள் இன்ஜினைப் பொருத்தும் கட்டத்துக்கு வந்ததும் இந்தக் கேள்வி தவறாமல் எழும்: கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குள் பனி பிடிக்காமல் இருக்கச் சூடான காற்றை அனுப்பும் அமைப்பு) வைக்க வேண்டுமா, விட்டுவிடலாமா? விட்டால் எடை குறையும், ஒரு கேபிள் மிச்சமாகும், ஏர் பாக்ஸ் (கார்புரேட்டருக்குக் காற்று போகும் பெட்டி) எளிதாகும். ஆனால் கார்புரேட்டர் இருக்கும்வரை அதற்கு எங்கிருந்தாவது வெப்பம் வந்தே ஆக வேண்டும் என்பதுதான் என் பதில். எங்கிருந்து, எவ்வளவு என்பது மட்டும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும்.

படி 1: பனி எப்படிப் பிடிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கார்புரேட்டரின் குறுகலான தொண்டையில் பெட்ரோல் ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குறுகலான வழியில் காற்றின் அழுத்தம் குறைவதாலும் கொஞ்சம் குளிர்ச்சி சேர்கிறது. இரண்டும் சேர்ந்து 20, 30 டிகிரி செல்சியஸ் குறைவது சாதாரணம். வெளியே 20 டிகிரி இருந்தாலும் த்ராட்டில் தகடு (இன்ஜினுக்குப் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு) பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். காற்றிலுள்ள ஈரம் அங்கே பனியாகப் படிந்து வழியை அடைக்கும்.

21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது ஆபத்து மிக அதிகம். ஆனால் 38 டிகிரி வெயிலிலும், 50 சதவீத ஈரப்பதத்திலும்கூடப் பனி பிடிக்க முடியும். மேகமில்லாத வானம் எந்த உத்தரவாதமும் தராது. கார்களுக்கான பெட்ரோல் ஊற்றுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: விமானப் பெட்ரோலைவிட அது எளிதில் ஆவியாகும், அதனால் குளிர்ச்சியும் கூடும்.

த்ராட்டிலை மூடி இறங்கும்போதுதான் நிலைமை மோசம். தகட்டின் ஓரத்தில் இடைவெளி மிகச் சிறியது, லேசான பனியே போதும் அடைக்க. அந்த நேரத்தில், கார்ப் ஹீட்டுக்கு வெப்பம் தரும் எக்ஸாஸ்ட் குழாயும் ஆறிக்கொண்டிருக்கும்.

படி 2: உங்கள் இன்ஜின் எந்த வகை என்று பாருங்கள்

கான்டினென்டல் ஏ-65, ஓ-200 போன்றவற்றில் கார்புரேட்டர் இன்ஜினுக்குக் கீழே தனியாகத் தொங்குகிறது. இன்ஜின் வெப்பம் அதற்கு அதிகம் போய்ச் சேராது. இவை பனிக்குப் பேர்போனவை, கார்ப் ஹீட் இல்லாமல் பறக்கவே கூடாது. லைகமிங் ஓ-320, ஓ-360 இன்ஜின்களில் கார்புரேட்டர் சூடான ஆயில் சம்ப்பின் (இன்ஜின் ஆயில் தேங்கும் தொட்டியின்) அடியில் அதனோடு ஒட்டியே பொருத்தப்பட்டிருப்பதால் பனி குறைவு. குறைவுதானே தவிர, இல்லாமல் போகவில்லை. அவற்றுக்கும் வேண்டும்.

வோக்ஸ்வாகன் கார் இன்ஜினை மாற்றியமைப்பவர்கள் பலர் கார்புரேட்டரை இன்ஜினிலிருந்து தள்ளி, நீண்ட குழாயில் வைக்கிறார்கள். இதுவும் ஆபத்தான அமைப்பே. வழக்கமான கார்புரேட்டருக்குப் பதிலாக ஸ்லைடு வகை த்ராட்டில் பாடி (தகட்டுக்குப் பதில் சறுக்கும் அடைப்பு கொண்டது) வைத்தால் பனி பிடிக்காது என்று சிலர் நம்புகிறார்கள். அங்கேயும் பெட்ரோல் காற்றோடு கலந்து ஆவியாகத்தான் செய்கிறது, ஆகவே அதற்கும் வெப்பம் தேவை.

ரோட்டாக்ஸ் 912-இல் இரண்டு பிங் கார்புரேட்டர்கள். கவுலிங்குக்குள் (இன்ஜினை மூடியிருக்கும் உறைக்குள்) இருக்கும் வெதுவெதுப்பான காற்றையே இழுக்கும்படி அமைத்தவர்கள் தனி ஏற்பாடு வேண்டாம் என்பார்கள். இறங்கும்போதும் அந்தக் காற்று சூடாக இருக்கிறதா என்று அளந்து பார்த்தவர்கள் அப்படிச் சொன்னால் ஏற்கலாம். ஏர் பாக்ஸ் வழியாக வெளிக்காற்றைக் கொண்டுவந்தால் அந்த வாதமே நிற்காது. கார்புரேட்டரைச் சுற்றி இன்ஜினின் கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்வித்துச் சூடாகிவரும் திரவத்தை) ஓடவிடும் வளையம் நல்ல மாற்று: எப்போதும் வேலை செய்யும், விமானி எதையும் இழுக்க நினைவு வைத்திருக்க வேண்டாம்.

912 ஐஎஸ் போல எரிபொருளைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் பீச்சும் இன்ஜின்களுக்கு கார்ப் ஹீட் தேவையில்லை. ஆனால் ஏர் ஃபில்டர் பனியால் அடைபட்டால் திறக்க ஒரு மாற்று வழி அவற்றுக்கும் வேண்டும்.

படி 3: அமைப்பைக் கட்டுங்கள்

எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு தகர உறை. அதன் ஒரு முனையில் காற்று நுழையும், மறுமுனையிலிருந்து ஹோஸ் வழியாக ஏர் பாக்ஸுக்கு வரும். ஏர் பாக்ஸில் ஒரு மடல் குளிர்காற்றை மூடிச் சூடான காற்றைத் திறக்கும். உறை சிறியதாக இருந்தால் உள்ளே குழாயைச் சுற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங் ஒன்றைச் சுற்றுங்கள், காற்று தொடும் பரப்பு கூடி வெப்பமும் கூடும்.

மடலை இயக்க விமானி இழுக்கும் நெம்புகோல் குளிர்நிலையில் இருக்கும்போதும் உறைக்குள் காற்று ஓடி வெளியேற வேண்டும். அடைத்துவைத்தால் எக்ஸாஸ்ட் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும், ஹோஸும் கருகும். விமானங்களுக்கான சிலிகான் பூசிய ஸ்காட் ஹோஸ் மட்டும் பயன்படுத்துங்கள். ஏர் பாக்ஸுக்குள் கழன்று விழக்கூடிய ஆணி, திருகு எதுவும் இருக்கக் கூடாது, விழுந்தால் நேராக இன்ஜினுக்குள் போகும்.

படி 4: அளந்து பாருங்கள்

பலர் தவிர்க்கும் படி இது. எனக்கு இதுதான் முக்கியம். கார்ப் ஹீட்டை இழுத்ததும் ஆர்பிஎம் (இன்ஜினின் சுழற்சி வேகம்) குறைவதை மட்டும் பார்த்து, வேலை செய்கிறது என்று திருப்தி அடையாதீர்கள். கொஞ்சம் சூடான காற்றுக்கும் ஆர்பிஎம் குறையும். அது பனியைக் கரைக்கப் போதுமா என்பது வேறு கேள்வி.

கார்புரேட்டர் வாயில் ஒரு வெப்பமானி முனையைப் பொருத்துங்கள். விமானத்தை நகராமல் கயிற்றால் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜினைச் சுமார் 75 சதவீத சக்தியில் ஓட்டுங்கள். வெளிக்காற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, கார்ப் ஹீட்டை முழுதாக இழுத்து, முள் நிற்கும்வரை பொறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வெப்ப உயர்வு.

எவ்வளவு போதும்? அமெரிக்காவின் பழைய சான்றளிப்பு விதி 23.1093 சாதாரண வென்சூரி (குறுகலான தொண்டை) கார்புரேட்டர் கொண்ட, சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) இல்லாத இன்ஜினுக்கு 75 சதவீத சக்தியில் 50 டிகிரி செல்சியஸ் உயர்வு கேட்டது, அதுவும் வெளியே சுமார் மைனஸ் 1 டிகிரி இருக்கும்போது. அங்கே எக்ஸ்பெரிமென்டல் விமானங்களுக்கு (சொந்தமாகக் கட்டியவை இந்த வகையில்தான் வரும்) அது கட்டாயமில்லை. ஆனாலும் அந்த எண்ணை இலக்காக வையுங்கள். 20 டிகிரிதான் கிடைக்கிறது என்றால் உறையைப் பெரிதாக்குங்கள், ஹோஸைச் சுருக்குங்கள், மடல் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள்.

படி 5: பறக்கும்போது

சக்தியைக் குறைப்பதற்கு முன்பே கார்ப் ஹீட்டை இழுங்கள், எக்ஸாஸ்ட் சூடாக இருக்கும்போதே. வெப்பமானி இல்லையென்றால் பாதி இழுப்பு வேண்டாம், முழுதாக இழுங்கள் அல்லது இழுக்காதீர்கள். தரையில் நீண்டநேரம் இழுத்துவைக்காதீர்கள், அந்தக் காற்று பெரும்பாலும் ஃபில்டரைக் கடந்து வருவதில்லை. சூடான காற்று சக்தியை 15 சதவீதம் வரை குறைக்கும், அதனால் டேக்-ஆஃபிலும் தரையிறங்காமல் மீண்டும் மேலேறும்போதும் குளிர்நிலை.

பனி உண்மையிலேயே பிடித்திருந்தால், இழுத்ததும் இன்ஜின் இன்னும் மோசமாகத் திணறும். கரைந்த நீர் சிலிண்டருக்குள் போவதால் அப்படி. பயந்துபோய் நெம்புகோலைத் திரும்பத் தள்ளாதீர்கள். அப்படியே பிடித்திருங்கள். கொஞ்ச நேரத்தில் ஓட்டம் சீராகி ஆர்பிஎம் மேலே ஏறும்.