டொலேடோவில் ஓர் இரவு: சின்ன ஓஸ்தாலில் அறை எடுத்துத் தங்குவது எப்படி?

மாட்ரிட் போகிறவர்கள் பெரும்பாலும் டொலேடோவைக் காலையில் போய் மாலையில் திரும்பும் ஊராகவே வைத்துக்கொள்கிறார்கள். அதோச்சா நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும், அதனால் அப்படித் தோன்றுவது இயல்பு. நானும் முதல்முறை அப்படித்தான் போய்வந்தேன். இரண்டாம் முறை அம்மாவோடு போனபோது ஓர் இரவு தங்கினோம். பேருந்துகளில் வந்த கூட்டமெல்லாம் கிளம்பிய பிறகு அந்த ஊர் வேறு ஊராகிவிடுகிறது. ஆனால் தங்கும் இடத்தின் தெருக்கதவைத் தாண்டி உள்ளே போவதற்கே அன்று படாதபாடு பட்டோம். அடுத்து போகிறவர்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விசா, காப்பீடு, விமான டிக்கெட் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. நேராக அறைக்கு வருவோம்.

படி 1: எதைத் தேடுவது?

தேட வேண்டிய சொல் ‘ஓஸ்தால்’. எழுத்தில் முன்னால் ஒரு ‘ஹெச்’ இருக்கும், ஸ்பானிய மொழியில் அதற்கு ஒலி கிடையாது. படிக்கும்போது ‘ஹாஸ்டல்’ மாதிரித் தெரிவதால் பலர் இது ஒரே அறையில் பத்துக் கட்டில் போட்ட இடம் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அது வேறு, அதற்கு ‘அல்பெர்கே’ என்று பெயர். ஓஸ்தால் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்தும் சிறிய தங்குமிடம். பழைய கட்டடத்தின் ஒன்றிரண்டு மாடிகளில் பத்துப் பன்னிரண்டு அறைகள், தனிச் சாவி, அநேகமாகத் தனிக் குளியலறை. அதைவிட எளிமையானது ‘பென்சியோன்’. அங்கே குளியலறை பொதுவாக இருக்கலாம்.

ஸ்பெயினில் பல ஊர்களில் வாசலில் ஒரு நீலப் பலகை இருக்கும். ‘ஹெச்’ மட்டும் இருந்தால் ஹோட்டல், பக்கத்தில் சின்ன ‘எஸ்’ சேர்ந்திருந்தால் ஓஸ்தால், ‘பி’ என்றால் பென்சியோன். ஓஸ்தாலின் இரண்டு நட்சத்திரமும் ஹோட்டலின் இரண்டு நட்சத்திரமும் ஒன்றல்ல, இரண்டையும் ஒப்பிட வேண்டாம்.

படி 2: ஊரில் எந்தப் பக்கம்?

டொலேடோ ஒரு குன்றின் மேல் இருக்கிறது. தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. கீழே மதிலுக்கு வெளியே அறைகள் மலிவு, ஆனால் இரவு தங்குவதன் பயனே போய்விடும். மதிலுக்கு உள்ளே, சொகொதொவேர் சதுக்கத்துக்கும் பேராலயத்துக்கும் நடுவில் பாருங்கள். பத்து யூரோ கூடுதலானாலும் அதுதான் சரி என்பேன்.

அறை விவரத்தில் பார்க்க வேண்டியவை சில உண்டு. ‘அசென்சோர்’ என்றால் லிப்ட். அந்தச் சொல் எங்கும் இல்லையென்றால் லிப்ட் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் இதை நான் எழுதியே கேட்டு வாங்கினேன். ‘இந்தெரியோர்’ என்றால் ஜன்னல் உள்முற்றத்தைப் பார்த்திருக்கும், வெளிச்சம் குறைவு, தூக்கத்துக்கு நல்லது. ‘எக்ஸ்தெரியோர்’ என்றால் தெருப்பக்கம். ‘காமா தெ மாத்ரிமோனியோ’ என்றால் இருவருக்கும் ஒரே பெரிய கட்டில். அம்மா மகன், தோழிகள் என்று போகிறவர்கள் ‘தோஸ் காமாஸ்’, அதாவது இரண்டு கட்டில் என்று கேளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் ஏ.சி. இல்லாத அறையை எடுக்கவே எடுக்காதீர்கள். வெயில் 40 டிகிரியை எட்டும் ஊர் அது.

இன்னொன்று. கார்ப்புஸ் கிறிஸ்தி என்ற கத்தோலிக்கத் திருவிழா வாரத்தில் (ஈஸ்டர் முடிந்து இரண்டு மாதம் கழித்து) ஊரே நிரம்பிவிடும். அந்த நாட்களில் போக ஆசை என்றால் பல மாதம் முன்பே அறை போட்டுவிடுங்கள்.

படி 3: பதிவு செய்வது

என் வழக்கம் இது: பெரிய தளங்களில் விலையையும் படங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன், அப்புறம் அந்த ஓஸ்தாலின் சொந்தத் தளத்திலோ வாட்ஸ்அப்பிலோ நேரடியாகக் கேட்பேன். பல நேரம் விலை கொஞ்சம் குறையும். அதைவிட முக்கியம், அங்கே பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார். நாங்கள் இருவருக்கும் சேர்த்து 58 யூரோ கொடுத்தோம், காலை உணவு இல்லாமல். காலை உணவைச் சேர்க்காதீர்கள். ஐந்து நிமிட நடையில் எந்த பாரிலும் தக்காளி தடவிய ரொட்டியும் பால் காப்பியும் கிடைக்கும், அங்கே உள்ளூர் மக்களோடு நின்று சாப்பிடலாம். (பார் என்றதும் மதுக்கடை என்று தயங்க வேண்டாம். அங்கே அது நம் டீக்கடை மாதிரி, குழந்தைகளும் வருவார்கள்.)

படி 4: முதல் நாளே ஒரு செய்தி அனுப்புங்கள்

சின்ன ஓஸ்தாலில் இரவு முழுக்க வரவேற்பில் ஆள் இருக்க மாட்டார். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரையிலும் இல்லாமல் போகலாம். எனவே எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லி, எப்படி உள்ளே வருவது என்று முதல் நாளே கேளுங்கள். “ஓலா. யேகாமோஸ் அ லாஸ் தியேஸ் தெ லா நோச்சே. கோமோ எந்த்ராமோஸ்?” என்றால் ‘வணக்கம். இரவு பத்து மணிக்கு வருகிறோம். எப்படி உள்ளே வருவது?’ என்று பொருள். மொழிபெயர்ப்புச் செயலியில் ஸ்பானிய மொழியை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். வரைபடத்தையும் அப்படியே இறக்கி வையுங்கள். ஆனால் அந்தக் குறுகலான சந்துகளில் ஜி.பி.எஸ். புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும், அதை மட்டும் நம்ப வேண்டாம். “வாசலின் படம் ஒன்று அனுப்புங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். இப்போதெல்லாம் நான் எந்த ஊருக்குப் போனாலும் இதைக் கேட்கிறேன்.

படி 5: தெருக்கதவு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு 10.20. அதற்கு முன் வாசல் படம் கேட்டு வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. டாக்ஸிக்காரர் சந்துக்குள் வண்டி போகாது என்று முனையிலேயே இறக்கிவிட்டார். கூழாங்கல் பதித்த தெருவில் பெட்டிச் சக்கரங்கள் கடகடவென்று சத்தம் போட, இரண்டு முறை ஒரே இடத்தைச் சுற்றினோம். கடைசியில் எண் கிடைத்தது. பித்தளைக் குமிழ் பதித்த கனமான மரக்கதவு, பக்கத்தில் ஆறு பொத்தான்கள் உள்ள உலோகப் பலகை. ஓஸ்தாலின் பெயர் எந்தப் பொத்தானிலும் இல்லை. மாடி எண்ணும் இரண்டு சுருக்கங்களும்தான் இருந்தன. ‘இஸ்கியெர்தா’ என்றால் இடது, ‘தெரெச்சா’ என்றால் வலது. படியேறி நின்றால் எந்தக் கைப்பக்கக் கதவு என்பதை அது சொல்கிறது. உங்கள் முகவரியின் கடைசியில் வரும் எண்ணும் எழுத்துகளும் இதுதான், அதை முழுசாகக் குறித்து வையுங்கள். முதல் மாடி என்பது தரைத்தளத்துக்கு மேல். சில பழைய கட்டடங்களில் நடுவே ‘எந்த்ரெசுவேலோ’ என்று ஒரு தளம் வேறு இருக்கும், ‘இரண்டாம் மாடி’ நம் கணக்கில் மூன்றாகிவிடும்.

முகவரியைப் பார்த்துச் சரியான பொத்தானை அழுத்தினேன். ஒரு பெண்குரல் வேகமாக ஏதோ சொன்னது. பிறகு கதவிலிருந்து ‘ர்ர்ர்ங்’ என்று ஒரு ரீங்காரம். நான் கதவு திறக்கும் என்று காத்து நின்றேன். ரீங்காரம் நின்றது, கதவு அசையவில்லை. மறுபடி அழுத்தினேன், மறுபடி அதே குரல், அதே ரீங்காரம். மூன்றாவது முறை குரலில் அலுப்பு தெரிந்தது. அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். “வேற எங்கயாச்சும் பாப்போமாப்பா” என்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நாயோடு நடந்துவந்த ஓர் இளைஞர் நின்று பார்த்தார். பொத்தானை அழுத்து என்று சைகை காட்டினார். ரீங்காரம் தொடங்கிய உடனே தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினார். திறந்துகொண்டது.

விஷயம் இவ்வளவுதான்: அந்த ஒலி கேட்கும் சில நொடிகளுக்கு மட்டுமே பூட்டு விட்டுக்கொடுக்கும். கதவு தானாகத் திறக்காது. ஒலி கேட்கும்போதே தள்ள வேண்டும், அதுவும் பழைய கதவென்றால் பலமாக. ஒருவர் பொத்தானிலும் இன்னொருவர் கதவிலும் கை வைத்துக்கொண்டு நின்றால் நல்லது.

உள்ளே போனதும் இருட்டு. சுவரில் சின்னதாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி மினுங்கும், அதுதான் மாடிப்படி விளக்கின் பொத்தான். அழுத்தினால் ஒரு நிமிடம் போல எரிந்து தானாக அணைந்துவிடும். ஒவ்வொரு மாடியிலும் இன்னொரு பொத்தான் இருக்கும். விளக்கு அணைந்தால் பயப்படாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆரஞ்சுப் புள்ளியைத் தேடுங்கள். வயதானவர்களோடு போனால் கைபேசி விளக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

படி 6: பாஸ்போர்ட்

ஸ்பெயினில் தங்குகிற எல்லோருடைய விவரத்தையும் பதிய வேண்டும் என்பது சட்டம். 2024 டிசம்பர் 2 முதல் விதி இன்னும் இறுக்கமாகி, வீட்டு முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் கேட்கிறார்கள். 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டி, விவரம் பதிந்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

*பிறகு சேர்த்தது:* இந்தப் பதிவைப் படித்த ஒருவர், வருவதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு வந்து பாஸ்போர்ட் எண் கேட்டதாகவும், மோசடியோ என்று பயந்ததாகவும் எழுதியிருந்தார். இந்தச் சட்டத்துக்காகவே அப்படி அனுப்புகிறவர்கள் உண்டு, ஏமாற்றுகிறவர்களும் உண்டு. நீங்கள் பேசிய அதே எண்ணிலிருந்து வந்ததா என்று பாருங்கள். வங்கி அட்டை எண் கேட்டால் நிரப்பாதீர்கள். சந்தேகம் என்றால் நேரில் தருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

படி 7: அறைக்குள்

சாவியை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டியிருக்கும். திறக்காவிட்டால் கதவை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள்.

குழாயில் ‘சி’ என்று இருந்தால் அது சூடான தண்ணீர். ‘கலியெந்தே’ என்பதன் முதலெழுத்து. குளிர்ந்தது ‘எஃப்’, அதாவது ‘ஃப்ரியா’. ஆங்கிலப் பழக்கத்தில் ‘சி’ என்றால் குளிர்ச்சி என்று திறந்தால் கை சுட்டுவிடும். (இதையும் ஒரு வாசகிதான் நினைவூட்டினார், அவருடைய மகனுக்கு அப்படி ஆனதாம்.) சில இடங்களில் சுடுதண்ணீர்த் தொட்டி சிறியது. அடுத்தடுத்துக் குளிக்காமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

நம் கைபேசி சார்ஜரின் இரண்டு உருண்டை முள் அங்கே நேராகப் பொருந்தும். மூன்று முள் உள்ள மடிக்கணினி வயருக்குத்தான் மாற்றி வேண்டும். கெட்டில் இருக்காது. கழிவறையில் தண்ணீர்க் குழாயும் இருக்காது. ஒரு சின்ன மக்கோ காலி பாட்டிலோ எடுத்துப் போங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

படி 8: இரவு

சாப்பாடு எட்டரைக்கு மேல்தான் கிடைக்கும். டொலேடோவின் பேர்போன ‘கார்காமுசாஸ்’ பன்றிக்கறி. சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘பிஸ்தோ மான்சேகோ’ கேளுங்கள், தக்காளியும் குடைமிளகாயும் சுரைக்காய் வகையும் வதக்கியது. மேலே முட்டை வைத்துத் தருவது வழக்கம், வேண்டாம் என்றால் முன்பே சொல்ல வேண்டும். ‘கலவை சாலட்’ என்று வருவதில் சூரை மீன் இருக்கும். “சின் ஹமோன், சின் அதூன்” (பன்றித்தொடை வேண்டாம், சூரை வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லுங்கள். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது.

அப்புறம் நடங்கள். மறுபடி மேடேற முடியாது என்று அம்மா அறையிலேயே படுத்துவிட்டார், நான் மட்டும் போனேன். 1226-இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் கோபுரம் விளக்கொளியில் நின்றது. பகலில் வாளும் மாசிபான் என்ற பாதாம் இனிப்பும் விற்கும் கடைகள் எல்லாம் கதவடைத்திருந்தன. சாந்தோ தொமிங்கோ எல் ரியால் பக்கம் சந்துக்கு மேலேயே கட்டடம் கூரை போட்ட மூடுபாதைகள் இருக்கின்றன. அதற்குள் நடந்தபோது என் செருப்புச் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. 1561-இல் ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப் இங்கிருந்த அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இந்தக் குன்றின் மேல் தெருக்கள் பெரிதாக இடித்துக் கட்டப்படாததால்தான் இத்தனையும் மிஞ்சியிருக்கிறது என்று அந்த இருட்டில் நின்று நினைத்துக்கொண்டேன்.

படி 9: காலை

பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டுப் போகலாம், பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. முதல் வேலையாக சாந்தோ தொமே தேவாலயம் திறக்கும் நேரத்துக்குப் போய் வாசலில் நில்லுங்கள். எல் கிரேக்கோ வரைந்த ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’ ஓவியம் அங்கேதான் இருக்கிறது, அந்தப் பிரபுவின் கல்லறைக்கு மேலேயே. மாட்ரிட்டிலிருந்து வரும் குழுக்கள் சேர்வதற்கு முன் எங்களையும் சேர்த்து நால்வர் மட்டும்தான் அதன் முன்னால் நின்றிருந்தோம். ஓவியத்தின் இடது மூலையில் தீவட்டி பிடித்து நம்மைப் பார்க்கும் சிறுவன் ஓவியரின் மகன் ஹோர்ஹே மனுவேல். அம்மா மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே வந்தபோது வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது.

திரும்பும் ரயில் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள், வார இறுதியில் இடம் தீர்ந்துபோகும். நிலையத்துக்கு அல்காந்தரா பாலம் வழியாக நடந்தே இறங்கலாம். இறக்கம் என்பதால் அம்மாவும் நடந்தார், பாலத்தின் நடுவில் மட்டும் ஒருமுறை நின்று மேலே பார்த்தார்.