நார்வே அரசியல் தலைவர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

நார்வே அரசியல் தலைவர் ஒருவரைப் பற்றித் தமிழில் எழுத முனைவோர் முதலில் செய்ய வேண்டியது, அவர் பதவியேற்ற நாள்களையும் அந்நாட்டுத் தேர்தல் நடந்த ஆண்டுகளையும் ஒரு தாளில் அருகருகே குறித்துக்கொள்வதுதான். "தேர்தலில் வென்று ஆட்சியைப் பிடித்தார்" என்ற வாக்கியம் பேனாவை எடுத்ததுமே நமக்கு வந்துவிடும். நார்வேயைப் பொறுத்தவரை அது பல நேரங்களில் பிழையாகிவிடும். அந்நாட்டின் முதல் பெண் பிரதமரும், அப்பதவியை மும்முறை வகித்தவருமான குரோ ஹார்லெம் புருண்ட்லாண்டின் வாழ்க்கையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

அவர் 1981 பிப்ரவரி 4 அன்று முதன்முறை பிரதமரானபோது தேர்தல் எதுவும் நடக்கவில்லை. அப்போதைய பிரதமர் ஓட்வார் நோர்ட்லி பதவி விலகியதால் தொழிற்கட்சி புருண்ட்லாண்டைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் தேர்தலில் தோற்று அக்டோபரில் விலகினார். 1986 மே 9 அன்று மீண்டும் வந்ததற்குக் காரணம், பெட்ரோல் வரியை உயர்த்தும் திட்டத்தை முன்னிட்டு நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் கோரே வில்லோக்கின் அரசு தோற்றது. 1989 தேர்தலுக்குப் பின் எதிர்க்கட்சி வரிசைக்குச் சென்ற அவர், 1990 நவம்பர் 3 அன்று மூன்றாம் முறை பதவியேற்றார். ஐரோப்பியப் பொதுச் சந்தையில் நார்வே பங்குபெறும் ஏற்பாடான ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி குறித்த கருத்து வேறுபாட்டால், அப்போதைய பிரதமர் யான் சீசேயின் கூட்டணி அரசு உடைந்ததே அதற்குக் காரணம். ஆக மூன்று முறையும் அவரைப் பதவிக்குக் கொண்டுவந்தது தேர்தல் வெற்றி அன்று. பிரதமராக இருந்தவாறே சந்தித்துப் பதவியைத் தக்கவைத்துக்கொண்ட தேர்தல் 1993ஆம் ஆண்டுத் தேர்தல் ஒன்றே.

இவ்வாறு நிகழ்வதற்கான காரணத்தை வாசகருக்கு இரண்டு வாக்கியங்களிலாவது விளக்கியாக வேண்டும். நார்வே நாடாளுமன்றமான ஸ்டோர்ட்டிங்கை நான்காண்டு முடியுமுன் கலைக்க முடியாது. ஆகவே இடையில் ஓர் அரசு கவிழ்ந்தால், இருக்கும் உறுப்பினர்களைக் கொண்டே அடுத்த அரசு அமைய வேண்டும். மேலும், புதிய அரசு பெரும்பான்மையின் ஆதரவைப் பெற்றுக் காட்ட வேண்டியதில்லை, பெரும்பான்மை அதற்கு எதிராக வாக்களிக்காமல் இருந்தாலே போதும் என்பதால், சிறுபான்மை அரசுகள் அங்கே இயல்பானவை. 1986இல் புருண்ட்லாண்டின் கட்சிக்கு 157 இடங்களில் 71 மட்டுமே இருந்தன. 1990இல் 165இல் 63 மட்டுமே. ஒவ்வொரு ஆட்சிக்காலத்தைப் பற்றி எழுதும்போதும் இந்த எண்ணிக்கையைத் தவறாமல் சேர்க்க வேண்டும். ஒரு சட்டத்துக்காக அவர் யாருடன் பேச வேண்டியிருந்தது, எதை விட்டுக்கொடுத்தார் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும்.

இளமைக்காலத்தைச் சுருக்கமாக எழுதினால் போதும். ஆனால் பிற்காலப் பணியோடு தொடர்புடைய செய்திகளைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். அவர் 1939 ஏப்ரல் 20 அன்று பிறந்தார். தந்தை குட்முண்ட் ஹார்லெம் மருத்துவர். சமூகநலத்துறை அமைச்சராகவும் பின்னர் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தவர். மகளும் மருத்துவம் படித்து, ஹார்வர்டில் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். கணவர் ஆர்னே ஒலாவ் எதிர்முகாமான பழமைவாதக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதையும் குறிப்பிடுவது நல்லது. கட்சி வேறுபாடு ஒரு குடும்பத்துக்குள் இயல்பாக இடம்பெறக்கூடிய அரசியல் பண்பாட்டை அது காட்டுகிறது.

அமைச்சர் பணியைத் துறைப் பெயரும் ஆண்டும் மட்டும் கொண்ட பட்டியலாக்கிவிடாமல், ஒரு நிகழ்ச்சியை எடுத்து அருகிலிருந்து காட்ட வேண்டும். புருண்ட்லாண்ட் 1974 முதல் 1979 வரை சுற்றுச்சூழல் அமைச்சர். 1977 ஏப்ரல் 22 அன்று வடகடலின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் பிராவோ என்னும் மேடையின் கிணறு ஒன்று கட்டுக்கடங்காமல் பீறிட்டது. அதை அடக்க ஏறத்தாழ எட்டு நாள்கள் ஆயின. உயிரிழப்பு இல்லை என்றாலும், எண்ணெய் வளத்தில் புதிதாக நம்பிக்கை வைத்திருந்த நாடு அதன் ஆபத்தை அப்போதுதான் நேரில் கண்டது. அந்நாள்களில் செய்தியாளர்களின் கேள்விகளுக்கு முகம் கொடுத்தவர் இந்த இளம் அமைச்சர். பின்னாளில் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல், வளர்ச்சிக்கான உலக ஆணையத்துக்குத் தலைமை தாங்கி, 1987இல் வெளியான அறிக்கையின் வழியாக வளங்குன்றா வளர்ச்சி என்ற கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றவரின் அனுபவப் பின்னணியாக இதை வைத்து எழுதலாம்.

1986ஆம் ஆண்டு அமைச்சரவையைப் பற்றி எழுதும்போது, பதினெட்டுப் பேரில் எட்டுப் பேர் பெண்கள் என்ற செய்தியோடு நின்றுவிடக் கூடாது. கட்சிப் பொறுப்புகளில் ஆண், பெண் இருபாலருக்கும் குறைந்தது 40 விழுக்காடு இடம் வேண்டும் என்று தொழிற்கட்சி 1983இலேயே விதி வகுத்திருந்தது. இதை விட்டுவிட்டால், ஓர் இயக்கம் நெடுங்காலம் உழைத்துப் பெற்ற மாற்றம் ஒரு தலைவரின் தனி விருப்பம்போல் தோன்றிவிடும்.

புகழுக்கு ஒவ்வாத பக்கங்களையும் எழுதத்தான் வேண்டும். முதன்முறை பிரதமரான சில நாள்களிலேயே, வட நார்வேயின் ஆல்டா ஆற்றின் அணைத் திட்டத்தை எதிர்த்து, அப்பகுதியின் பழங்குடி மக்களான சாமி இனத்தைச் சேர்ந்த பெண்கள் அவருடைய அலுவலகத்துக்கு வந்தனர்; வெளியேற மறுத்த அவர்களைக் காவல்துறை அகற்றியது. சுற்றுச்சூழலின் குரலாக உலகம் போற்றிய அதே தலைவரின் ஆட்சியில்தான் 1993இல் நார்வே வணிக நோக்கிலான திமிங்கில வேட்டையை மீண்டும் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும் என்று அவர் முழுமூச்சாக வாதிட்டும், 1994 நவம்பர் 28 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 52.2 விழுக்காட்டினர் மறுத்துவிட்டனர். தோற்ற பின்னும் அவர் பிரதமராகத் தொடர்ந்ததை இப்பகுதியிலேயே சொல்லிவிட வேண்டும்.

குடும்பத் துயரங்களை எழுதுகையில் அடக்கம் மிக அவசியம். 1992இல் அவர் தம் மகனை இழந்தார். அவ்வாண்டே கட்சித் தலைமையிலிருந்து விலகினார். அந்த இழப்பை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்துவதே முறை. அவர் மனத்தில் என்ன நினைத்தார் என்று நாமாக எழுதுவது அறமாகாது. அதே இடத்தில், கட்சித் தலைமை வேறு, பிரதமர் பதவி வேறு என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும். தலைமை தூர்பியோர்ன் யாக்லாண்டிடம் சென்ற பிறகும் 1996 அக்டோபர் வரை பிரதமராக இருந்தவர் புருண்ட்லாண்டே.

1998 முதல் 2003 வரை உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக அவர் ஆற்றிய பணிக்குத் தனிப் பத்தி ஒதுக்கலாம். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2003 மே மாதம் ஏற்கப்பட்டதும், அதே ஆண்டு சார்ஸ் நோய் பரவியபோது பயணங்களைத் தவிர்க்குமாறு நிறுவனம் அறிவுறுத்தியதும் அதில் இடம்பெற வேண்டியவை.

எழுதி முடித்தபின், நாள்களை நாடாளுமன்ற இணையதளத்தில் உள்ள உறுப்பினர் குறிப்புகளோடும், அரசு வெளியிடும் அமைச்சரவைப் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் உறுப்பினர் அமைச்சரானால் அவையில் அவர் இடத்தில் மாற்று உறுப்பினர் அமர்வார்; ஆயினும் உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் தொடரும். ஆகவே "அந்த ஆண்டுகளில் அவையில் வாக்களித்தார்" என்று எழுதுமுன், அப்போது அவர் அமைச்சரவையில் இருந்தாரா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.