பழைய ஸ்டான்லி இழைப்புளி வாங்கப் போறீங்களா?

ஈபேலயோ பழைய சாமான் சந்தையிலயோ ஸ்டான்லி பெய்லி நம்பர் 4 அளவு இழைப்புளி கண்ணுல பட்டா துருவப் பாத்து பயந்துடாதீங்க, மேல் துரு வினிகர்ல ஒரு ராத்திரி ஊறப்போட்டு தேச்சா போயிரும். மொதல்ல தலைகீழா திருப்பி, பிளேடு வெளிய நீட்டுற வாய் ஓரத்துலயும் ரெண்டு பக்கச் சுவர்லயும் விரிசல் இருக்கான்னு நகத்தால தடவிப் பாருங்க, வார்ப்பிரும்பு விரிஞ்சிருந்தா ஓசியில குடுத்தாலும் வேணாம். அடுத்து பிளேடு, வெட்டுற முனைக்கிட்ட பின்பக்கம் குழி குழியா அரிச்சிருந்தா கூர் நிக்காது. கைப்பிடி ஒடஞ்சிருந்தா பரவால்ல, பசை போட்டா ஒட்டிக்கும், ஆனா ஸ்க்ரூ எல்லாம் இருக்கான்னு எண்ணிக்கோங்க, ஸ்டான்லி மரையே தனி, சாதா ஹார்டுவேர் கடை ஸ்க்ரூ சேராது (நான் ரெண்டு மாசம் அலைஞ்சேன்). பிளேடு உக்கார்ற ஃப்ராகுக்குப் பின்னாடி அடித்தட்டுல மூணு பேட்டன்ட் தேதி, கடைசியா 1910னு வார்த்திருந்தா விடாதீங்க, அது 1910லருந்து 1918 வரைக்கும் அமெரிக்காவுல செஞ்ச டைப் 11 (சேகரிக்கறவங்க காலவாரியா பிரிச்சு வெச்ச பேர்), வேலைக்கும் ஆகும் சேகரிக்கவும் ஆகும். குட்டி நம்பர் 1 மட்டும் சல்லிசா வந்தா சந்தேகப்படுங்க, அதுல டூப்ளிகேட் உண்டு.