சமூக மனவெழுச்சிக் கற்றல்: தமிழ் வகுப்பில் எங்கே தவறுகிறோம்?

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் குணநலன், குடியியல் பாடம் தாய்மொழியில் நடக்கிறது. அதனால் தன்னை அறிதல், தன்னைக் கையாளுதல், பிறர் நிலையை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்போடு முடிவெடுத்தல் ஆகிய ஐந்து திறன்களைப் பிள்ளைகளிடம் வளர்க்கும் பொறுப்பில், அதாவது சமூக மனவெழுச்சிக் கற்றலில், தமிழாசிரியருக்கும் பங்குண்டு. இவற்றைத் திறன்களாகப் பயிற்றாமல் நீதிபோதனையாக நடத்துவதுதான் மிகப் பரவலான தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

கதை வாசிப்போம், “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்போம், “எல்லாரிடமும் அன்பாக இருக்கணும், டீச்சர்” என்று பதில் வரும், மணி அடிக்கும். அந்தப் பதிலை எந்தக் கதைக்கும் சொல்லலாம். கேண்டீன் வரிசையில் ஒருவன் இடையில் புகுந்தால் எந்தச் சொல்லில், எந்தக் குரலில் தடுப்பது என்பதைப் பிள்ளை அன்றும் கற்றிருக்காது. முப்பது நிமிடப் பாடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: சூழலைச் சொல்ல 3 நிமிடம், ஆசிரியரே தவறான வழியையும் சரியான வழியையும் நடித்துக்காட்ட 5, இருவர் இருவராகப் பழகிப் பின் வேடம் மாற்றிப் பழக 12, எந்த இடத்தில் வாய் வரவில்லை என்று பேச 5, இந்த வாரம் எங்கே முயல்வது என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுத 5. நடிப்பு முதல்முறை சிரிப்பில் கரைந்துபோகும். அதற்காக நிறுத்திவிட வேண்டாம், இரண்டாம் சுற்றில்தான் பயிற்சி தொடங்குகிறது.

2011-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 213 பள்ளித் திட்டங்களையும் அவற்றில் பங்கேற்ற 270,000-க்கும் மேற்பட்ட மாணவர்களையும் ஆராய்ந்தது. படிப்படியான வரிசை, செய்து பழகுதல், இதற்கென ஒதுக்கிய நேரம், இன்ன திறன் என்ற தெளிவு ஆகிய நான்கும் இருந்த திட்டங்களே கூடுதலான பலன் தந்தன. போதனைப் பாடத்தில் பெரும்பாலும் நேரம் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்தது மொழி. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை, “டீச்சர், எனக்கு ரொம்ப ஃபிரஸ்டிரேட்டடா இருக்கு” என்கிறது. உடனே “தமிழில் சொல்” என்றால், பிள்ளை சொல்லவந்ததை விழுங்கிவிட்டு “ஒன்றுமில்லை” என்று உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் கேட்பது மட்டுமே வேலை. பதில் சொல்லும்போது, “முயன்றும் முடியாமல் எரிச்சலா இருக்கா?” என்று தமிழை நீங்கள் எடுத்துக்கொடுத்தால் போதும். எரிச்சல், ஏமாற்றம், பதற்றம், கூச்சம், பொறாமை போன்ற சொற்களை வாரத்துக்கு இரண்டாக முன்கூட்டியே அறிமுகப்படுத்துங்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் என்ற மூன்றோடு நின்றுவிட்டால், தேர்வுக்கு முந்தைய வயிற்றுக்கலக்கத்துக்கும் தோழி பேசாததற்கும் பிள்ளை ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தும்.

தமிழ் வகுப்புக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பல வகுப்புகளிலிருந்து வந்து சேரும் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு. சில பள்ளிகளில் அதே பத்துப் பன்னிரண்டு பேர் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகவே படிக்கிறார்கள். பெற்றோர் கோயிலிலும் துணைப்பாட வகுப்பிலும் பழகியவர்கள். இங்கே “பெயர் எழுதாமல் மனக்கவலையைப் பெட்டியில் போடுங்கள்” என்பது ஏமாற்று; கையெழுத்து யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். பெயர் ஒட்டிய உணர்வுப் பலகையைச் சுவரில் மாட்டுவதும் அப்படித்தான். வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராகப் பேசச் சொல்லும்போது, “நான் கேட்கிறேன்” என்று சொல்லி விலக அனுமதி கொடுங்கள். சொந்தக் கதைக்குப் பதில் கற்பனைப் பாத்திரத்தை வைத்துப் பேசுவது பாதுகாப்பானது.

பிள்ளை தனியாக வந்து கவலைக்குரிய ஒன்றைச் சொன்னால், “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. துருவிக் கேட்கவும் வேண்டாம். சொன்னதைப் பிள்ளையின் சொற்களிலேயே குறித்து, அன்றே பள்ளி ஆலோசகரிடம் கொண்டுபோங்கள்.

மூச்சுப்பயிற்சியைப் பெரும்பாலோர் நேரம் தவறிக் கையில் எடுக்கிறார்கள். அழுது நாற்காலியைத் தள்ளும் பிள்ளையிடம் புதிதாக எதையும் கற்பிக்க முடியாது. நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுவது, ஐந்து முறை. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாது. வகுப்பு அமைதியாக இருக்கும் நாள்களில் தினமும் செய்து பழகியிருந்தால்தான் கோபத்தின்போது உடம்பு அதற்கு இணங்கும். “அமைதியாக இரு” என்று உரக்கச் சொல்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சண்டை வந்தால், “கைகொடுத்து சாரி சொல்” என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். அடுத்த ஆண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரப்போகும் இருவரிடம் அது புகைந்துகொண்டே இருக்கும். முதலில் தனித்தனியாகக் கேளுங்கள்: என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? யாருக்கு என்ன பாதிப்பு? அதைச் சரிசெய்ய நீ என்ன செய்யலாம்? “ஏன் செய்தாய்?” என்று கேட்டால் சாக்குத்தான் வரும். ஒருவர் மற்றவரைத் தொடர்ந்து துன்புறுத்தியிருந்தால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைக்கவே கூடாது. அது பள்ளியின் ஒழுங்குப் பிரிவும் ஆலோசகரும் கையாள வேண்டியது.

பழக்காமல் போதிக்கும் இதே பிழை ஆசிரியர் பயிற்சியிலும் பெரிய அளவில் நடக்கிறது. பணியிடைப் பயிற்சி என்று மூன்று மணி நேரம் ஸ்லைடு காட்டுகிறார்கள். பள்ளி மண்டபத்தில் வெளி நிறுவனத்தார் வந்து ஒரு மணி நேரம் உற்சாகமாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். மேற்சொன்ன ஆய்வில், பள்ளி ஊழியர்களே நடத்திய திட்டங்களில்தான் மாணவரின் கல்வித்தேர்ச்சியும் உயர்ந்தது. வெளியாரை அழைப்பதில் தவறில்லை. பாடத்தையே அவர்களிடம் ஒப்படைப்பதுதான் தவறு.

மாறாக, ஒரு பருவத்துக்கு ஒரே திறனை எடுங்கள். முதல் வாரம் ஆசிரியர்களே தங்களுக்குள் நடித்துப் பழகட்டும். கூச்சமாகத்தான் இருக்கும், பிள்ளைகளுக்கும் அதே கூச்சம்தான். இரண்டாம் வாரத்திலிருந்து வகுப்பில் முயன்று, சக ஆசிரியர் ஒருவரைப் பத்து நிமிடம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் மதிப்பெண் போடவேண்டாம், இரண்டை மட்டும் குறித்தால் போதும்: ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசினார், எத்தனை இணைகள் உண்மையில் வாய்திறந்து பழகின.