‘கட்டுப்படுத்து’ என்ற ஒரு சொல்லில் மாட்டிய நான்கு ஆங்கிலச் சொற்கள்

வாசித்தால் விளங்கும், எழுதும்போது மாறி விழும். இதுதான் கோளாறு. ‘ரெஸ்ட்ரிக்ட்’, ‘கன்ஃபைன்’, ‘கன்ஸ்ட்ரெயின்’, ‘ரெகுலேட்’ நாலுக்கும் கொப்பியில் ‘கட்டுப்படுத்து’ என்றே எழுதியிருந்தேன்.

முதலில் அகராதியை அகரவரிசையில் பாடமாக்கியது வீண். பிறகு, சொல் அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆன்கி செயலியில் நாளுக்கு 20 புதிய அட்டைகள். சில நாளிலேயே மீள்பார்வை குவிந்து, கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ் பயணம் முழுவதும் போதவில்லை.

பிழை அட்டைகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒரே கருத்துள்ள சொற்களை ஒரே பக்கத்தில் சேர்த்துப் படிப்பது ஒழுங்கு போலத் தெரியும். உண்மையில் புதுச் சொற்கள் ஒன்றையொன்று குழப்பும். மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ல் வெளியிட்ட ஆங்கிலக் கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் ஒரு குடும்பம்), 10 உபபட்டியல்கள். அவை பயன்படும் அளவின்படி அடுக்கப்பட்டவை, கருத்தின்படி அல்ல. அதைக் கருத்துவாரியாகக் கலைத்து எழுதியது நான்தான்!

பட்டியலின் வரிசைக்கே திரும்பினேன். நாளுக்கு 7 சொல். அட்டையில் தமிழ்க் கருத்தை நீக்கி, கூட வரும் சொல்லோடு வெற்றிடம் விட்ட முழு வசனம்: ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்றால் ‘அக்செஸ்’, ‘ரெகுலேட்’ என்றால் ‘பிரைசஸ்’, ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்றால் ‘பை த பட்ஜெட்’. ‘கன்ஃபைன்’ பெரும்பாலும் செயப்பாட்டுவினையாகவே வரும், பின்னால் ‘டு’ ஒட்டும்: ‘கன்ஃபைன்ட் டு பெட்’. அந்த ‘டு’வையும் வெற்றிடத்துக்குள் வைக்கவேண்டும். வெளியே விட்டால் அதைப் பார்த்தே விடையை ஊகித்துவிடலாம், சொல் தங்காது.

ஒரு சொல் உறுதியாகும்வரை அதே கருத்துள்ள அதன் ‘உறவுக்காரரை’ ஆன்கியில் நிறுத்திவைத்தேன்.