உடைந்த சட்டியும் கொட்டாங்குச்சியும்

விளிம்பு உடைந்த மண்சட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். மொட்டை மாடியில் நிழல் விழும் மூலையில் வைத்து, இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் ஊற்றி, நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றைப் போட்டுவிட்டால் மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் அதில் காலூன்றிக் குடிக்கும், குளிக்கவும் செய்யும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், வழுக்கும்.

முக்கியமான வேலை தேய்ப்பதுதான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் உள்சுவரில்தான் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும், தண்ணீரை மட்டும் மாற்றினால் அது அப்படியே இருக்கும். அதனால் தினமும் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள், சோப்பு கூடாது. கொட்டுகிற தண்ணீர் செடிக்கு.

அப்புறம் கொட்டாங்குச்சி. கண் இருக்கும் மூடியை எடுத்து, மிருதுவான கண்ணை ஆணியால் குத்தினால் வடிகால் ரெடி, கத்தரியோ மிளகாயோ நாற்று விடலாம்.