கூலம்ப் கணக்கில் கை வைக்கும் முன்: மூலக்கூறு சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் மூலக்கூறு சிமுலேஷனில் நேரத்தை அதிகம் தின்பது மின்னூட்டங்களுக்கு இடையிலான விசைக் கணக்கு, அதாவது கூலம்ப் கணக்கு. வேகம் வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பதும் அங்கேதான். இங்கே தப்பு நடந்தால் ரன் பெரும்பாலும் நிற்காது. ஒழுங்காக ஓடி முடியும், முடிவு மட்டும் தவறாக இருக்கும்.

பெரிய தவறு, 1 நானோமீட்டருக்கு அப்பால் உள்ளதைக் கணக்கில் சேர்க்காமல் அப்படியே வெட்டிவிடுவது. இந்த வெட்டும் தூரம்தான் கட்-ஆஃப். வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு தூரத்தின் ஆறாம் அடுக்கில் தேய்வதால் அதை வெட்டினால் குடி முழுகாது. கூலம்ப் ஆற்றல் அப்படியல்ல, தூரத்துக்கு வெறும் எதிர்விகிதத்தில்தான் குறையும். வெற்றிடத்தில் ஓரலகு மின்னூட்டம் கொண்ட இரண்டு அயனிகள் 1 நானோமீட்டர் தள்ளி நின்றாலும் மோலுக்குச் சுமார் 139 கிலோஜூல் இருக்கும். அறைவெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ 2.5தான். நீர் இதைப் பெருமளவு மறைக்குமே என்பீர்கள். சரி, ஆனால் கட்-ஆஃப் அந்த மறைப்பையும் பாதியில் வெட்டுகிறது. ஒரே குறியுள்ள அயனிகள் வெட்டிய தூரத்தை ஒட்டிப் போய்க் குவியும். ஆரப் பரவல் வரைபடத்தில் (ஓர் அயனியிலிருந்து எந்தத் தூரத்தில் மற்றவை எவ்வளவு இருக்கின்றன என்று காட்டுவது) சரியாகக் கட்-ஆஃப் தூரத்தில் ஒரு முகடு தெரிந்தால் அது இயற்பியல் இல்லை, உங்கள் கத்தரி.

இதற்குத்தான் 1993இல் டார்டன், யார்க், பெடர்சன் மூவரும் கொடுத்த பிஎம்இ (Particle Mesh Ewald) முறை இருக்கிறது. அருகில் உள்ளவற்றை நேரடியாகவும், மீதியைக் கட்டத்தில் (grid) பரப்பி ஃபூரியர் உருமாற்றத்தாலும் கணக்கிடும். கட்-ஆஃபும் கட்ட இடைவெளியும் சோடி. குரோமாக்ஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளின் இயல்பு இடைவெளியான 0.12 நானோமீட்டரை 0.2 ஆக்கிவிட்டுக் கட்-ஆஃபை அப்படியே விட்டால் வேகம் கூடும், துல்லியம் போய்விடும். இரண்டையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். குரோமாக்ஸ் ஓடும்போதே இதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும், குறுக்கே போகாதீர்கள். வாண்டர்வால்ஸ் கட்-ஆஃபை மட்டும் வேகத்துக்காகத் தொடவே கூடாது. அது விசைப்புலத்தோடு, அதாவது அணுக்களுக்கிடையிலான விசைகளைச் சொல்லும் அளவுருத் தொகுப்போடு, சேர்ந்து வந்தது.

அப்புறம், மொத்த மின்னூட்டம். கோழிமுட்டைப் புரதமான லைசோசைமுக்கு +8. எதிர் அயனி சேர்க்காமல் விட்டால் பிஎம்இ பெட்டி முழுக்கச் சீரான எதிர் மின்னூட்டத்தைத் தெளித்துச் சமன் செய்யும். வெறும் நீர்ப் பெட்டியில் பாதிப்பு குறைவு. சவ்வு இருந்தால் அந்தத் தெளிப்பு கொழுப்புப் பகுதிக்குள்ளும் போய் ஆற்றலைக் கெடுக்கும். எட்டு குளோரைடு போடுவதில் என்ன கஷ்டம்?

பிஎம்இயைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கும் போடுவதும் சரியில்லை. பல அணுக்களைச் சேர்த்து ஒரே துகளாக எடுக்கும் மார்ட்டினி விசைப்புலத்தில் வழக்கம், கட்-ஆஃபுக்கு அப்பால் உள்ளதைச் சீரான ஊடகமாகக் கருதும் ரியாக்ஷன்-ஃபீல்ட் முறை. அளவுருக்களுக்கு எந்த முறை பரிந்துரைக்கப்பட்டிருக்கிறதோ, அதையே பின்பற்றுங்கள்.